செப்சிஸ் பேனல்: ஐசியு பில்லில் வரும் இந்த வரிக்குக் காசு கொடுக்கலாமா?

மதுரைப் பக்கம் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் மருத்துவராக இருக்கிறேன். எங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து தரும் வெளி லேப் ஒன்று ‘செப்சிஸ் பேனல்’ என்று ஒரு தொகுப்பை விற்கிறது (தொற்றுக்கு எதிராக உடம்பு கட்டுமீறிப் போய் உறுப்புகளே பழுதாகும் நிலைதான் செப்சிஸ்). சிஆர்பி, புரோகால்சிடோனின், இன்டர்லூக்கின் 6, ஃபெரிட்டின், டி-டைமர் ஐந்தும் ஒரே சீட்டில் வரும். ஒரு முறை எடுத்தால் ஆறாயிரம் ரூபாயைத் தொடும். ஐசியுவில் படுத்திருப்பவருக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை என்று எழுதிவிட்டால், ஒரு வாரத்தில் ஒரு சிறு விவசாயக் குடும்பத்தின் சேமிப்பு இந்த ஒரு வரியிலேயே கரைந்துவிடும். அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொகுப்பாக வாங்க வேண்டாம். புரோகால்சிடோனினையும் சிஆர்பியையும் தனியாக, சரியான நாட்களில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுத்தால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. மற்ற மூன்றும் சில நோயாளிகளுக்கு மட்டும் தேவைப்படும். லேப்பின் விளம்பரத் தாளில் ‘உயிராபத்தை முன்கூட்டியே கணிக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வரியை நம்பி ஒரு குடும்பம் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

சிஆர்பியிலிருந்து தொடங்குகிறேன். ஐந்தில் மலிவானது அதுதான், அதிகமாகத் தப்பாகப் படிக்கப்படுவதும் அதுதான். 1930இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதை முதலில் பார்த்தார்கள். நியூமோகாக்கஸ் கிருமியின் ஒரு சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படிகிற ஏதோ ஒன்று, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் இருந்தது. ஆள் தேறியதும் அது காணாமல் போனது. ஏறுவதை விட இறங்குவதுதான் சேதி என்பது அந்த முதல் கவனிப்பிலேயே இருக்கிறது.

சிஆர்பி என்ற இந்தப் புரதத்தைச் செய்வது கல்லீரல். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் இன்டர்லூக்கின் 6 என்ற தூதுப் புரதம் போய்ச் சொல்ல, கல்லீரல் இதைச் சுரக்கிறது. கிருமி இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. தொடை எலும்பு முறிந்தாலும் ஏறும், கணைய அழற்சியிலும் ஏறும், பெரிய அறுவைக்குப் பிறகும் ஏறும். தூண்டுதல் வந்து ஆறேழு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஏறக்குறைய 48 மணி நேரத்தில் உச்சம் தொடுகிறது. தூண்டுதல் நின்றபின் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிறது. ஆகவே மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகும் ஒரு நாள் போல அது ஏறிக்கொண்டிருக்கும், மோட்டாரை நிறுத்திய பிறகும் வாய்க்காலில் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடுகிற மாதிரி. எங்கள் ஐசியு வாசலில் அடிக்கடி நடக்கிற உரையாடல் இது:

“நேத்து 180, இன்னைக்கு 240ன்னு வந்திருக்கே மேடம். நீங்க நல்லா இருக்காருன்னு சொல்றீங்களே?”

“பிபியை ஏத்துற மருந்தைப் பாதியாக் குறைச்சிட்டோம்யா. யூரின் நல்லாப் போகுது. அந்த நம்பர் ரெண்டு நாள் பிந்தித்தான் வரும், அதை வச்சுப் பயப்படாதீங்க.”

அவர்கள் முகத்தில் நம்பிக்கை வராது. தாளில் அச்சடித்து வந்ததற்கு எதிராக என் வாய்வார்த்தை எம்மாத்திரம். அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லி வைக்கிறேன்: நாளைக்கு இது கூடும், நாளன்றைக்குப் பிறகு குறைய வேண்டும், குறையாவிட்டால் காரணம் தேடுவோம் என்று. முன்னாலேயே கேட்டு வைத்தவர்கள் மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்து உடைந்து போவதில்லை.

இன்னொரு தொல்லை அளவு. சில லேப்கள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று போடுகின்றன, சில டெசிலிட்டருக்கு எத்தனை என்று. பத்து மடங்கு வித்தியாசம். வேறு ஊரிலிருந்து மாற்றி வந்த ஒரு அம்மாவுக்கு அங்கே 19 என்று இருந்தது, எங்கள் லேப்பில் 185 வந்தது. ஒரே ராத்திரியில் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று மகன் ஓடி வந்தார். உண்மையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. உங்கள் கையில் இரண்டு லேப்களின் ரிப்போர்ட் இருந்தால், எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகை முதலில் பாருங்கள்.

கல்லீரல் கெட்டவர்களிடம் சிஆர்பி ஏமாற்றும். சுரக்க வேண்டிய உறுப்பே நலிந்திருப்பதால் தொற்று கடுமையாக இருந்தும் எண் அடக்கமாக நிற்கும். முற்றிய சிரோசிஸ் உள்ளவருக்கு வயிற்று நீரில் கிருமி சேர்ந்து, ஆள் குழம்பிப் பேசுகிற நிலையிலும் சிஆர்பி அளவாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே வயிற்று நீரை ஊசியில் எடுத்து அணு எண்ணிக்கை பார்ப்பதுதான் வழி.

இவ்வளவு குறை சொன்னாலும் சிஆர்பியை நான் கைவிடவில்லை. குடல் அறுவைக்குப் பின் மூன்றாம், நான்காம் நாளில் அதற்கு நிகரான மலிவான காவலாளி கிடையாது. நான்காம் நாள் வாக்கில் லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டால் தையல் கசிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏறியே நின்றால் சர்ஜனைக் கூப்பிட வேண்டும். கொரோனா காலத்திலும் பெரிய முடிவு ஒன்று சிஆர்பியைத்தான் நம்பியது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் டோசிலிசுமாப் ஊசிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க வைத்த விதி: ஆக்சிஜன் குறைவு, கூடவே சிஆர்பி 75 அல்லது அதற்கு மேல். 4,116 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஊசி போட்டவர்களில் 31 சதவீதமும் போடாதவர்களில் 35 சதவீதமும் இறந்தார்கள். இன்டர்லூக்கின் 6ஐத் தடுக்கிற மருந்துக்கு ஆள் தேர்வு செய்யக்கூட இன்டர்லூக்கின் 6ஐ அளக்கவில்லை, சில நூறு ரூபாய் சிஆர்பியை அளந்தார்கள். 2021 இரண்டாம் அலையில் அந்த ஊசிக்காகக் குடும்பங்கள் நகையை விற்று ஊர் ஊராக அலைந்த நேரம் அது. அந்த ஊசி போட்டபின் ஒரு கவனம் வேண்டும்: இன்டர்லூக்கின் 6இன் வாயை அடைத்துவிட்டதால் சிஆர்பி தானாகவே விழுந்துவிடும், உள்ளே புதிதாகக் கிருமி புகுந்தாலும் ஏறாது.

சரி, இனி புரோகால்சிடோனின். எங்கள் பேச்சில் பிசிடி. பேனலில் பாதி விலை இதற்குத்தான், தனியாக எடுத்தாலே இரண்டாயிரத்துக்கு மேல் வரும்.

தைராய்டு சுரப்பி கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் செய்வதற்கு முன் உருவாக்கும் 116 அமினோ அமிலங்கள் கொண்ட முன்வடிவம் இது. நலமாக இருப்பவர் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.05 நானோகிராமைத் தாண்டுவது அபூர்வம். பாக்டீரியா ரத்தத்தில் கலக்கும்போது தைராய்டுக்குச் சம்பந்தமே இல்லாத கல்லீரல், நுரையீரல், கொழுப்புத் திசு எல்லாம் இதைச் சுரக்கத் தொடங்குகின்றன. 1993இல் பாரிஸில் அசிக்கோ என்பவரும் அவரது குழுவினரும் தொற்று வந்த குழந்தைகளிடம் இதைக் கண்டு லான்செட்டில் எழுதினார்கள். மூன்று நான்கு மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். தூண்டுதல் நின்றால் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகும். சிஆர்பியை விட வேகம், பாக்டீரியாவோடு நெருக்கம்: இந்த இரண்டுக்குத்தான் கூடுதல் காசு.

அந்த ‘ஒரு நாளில் பாதி’ என்பதை வைத்து ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சோழவந்தான் பக்கத்து நெல் விவசாயி, ஐம்பது வயதைத் தாண்டியவர். குளிர் காய்ச்சல், இடுப்பு வலி என்று வந்து, வந்த ஒரு மணி நேரத்தில் பிபி விழுந்துவிட்டது. பிசிடி 100க்கு மேல். ரிப்போர்ட்டில் அதைச் சிவப்பு எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய இரண்டு அம்புக்குறியோடு அச்சடித்து, கீழே ‘மிகக் கடுமையான செப்சிஸ், உறுப்புச் செயலிழப்புக்கு அதிக வாய்ப்பு’ என்று எழுதியிருந்தார்கள். தாள் எங்களுக்கு வருவதற்கு முன்பே மச்சினனின் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. மனைவி கேட்டது இது: “இனிமே செலவு பண்ணிப் பிரயோஜனம் இருக்கா மேடம்? வீட்டுக்காவது உசிரோட கூட்டிட்டுப் போயிடுறோம்.”

ஸ்கேனில் சிறுநீரகக் குழாயை அடைத்துக்கொண்டு ஒரு கல், அதற்கு மேலே சிறுநீரகம் வீங்கிக் கிடந்தது. யூரோ டாக்டர் முதுகு வழியாக ஒரு குழாய் போட்டார். பையில் இறங்கியது சிறுநீர் இல்லை, மோர் நிறத்தில் சீழ். பிபியைத் தூக்கிப் பிடிக்கக் கொடுக்கும் நார்அட்ரினலின் மருந்தின் தேவை அன்று ராத்திரியே குறையத் தொடங்கியது. மறுநாள் பிசிடி 50க்குப் பக்கம், அதற்கடுத்த நாள் 23, பிறகு 11. அவர் நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

அடைபட்ட சிறுநீர்த் தொற்றில் பிசிடி நூறைத் தாண்டுவது எங்களுக்குப் புதிதில்லை. அடைப்பை எடுத்தால் இந்த நோயாளிகள் வேகமாகத் தேறுவார்கள். அதே வாரத்தில் நிமோனியாவோடு படுத்திருந்த ஒரு பெரியவரின் பிசிடி 1.8தான், அவர் நுரையீரல் மீளவே இல்லை. எண்ணின் உயரம் கிருமியும் உடம்பும் எவ்வளவு உரக்கச் சண்டை போடுகின்றன என்று சொல்கிறது. சண்டையை நிறுத்த வழி இருக்கிறதா என்பது ஸ்கேனிலும் சர்ஜன் கையிலும், கிருமியை வளர்த்து இன்னதென்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டிலும் இருக்கிறது.

சண்டை அடங்குகிறதா என்பதைப் பார்க்க அடுத்தடுத்த எண்கள் வேண்டும். அமெரிக்காவில் 13 மையங்களில் நடந்த மோசஸ் என்ற ஆய்வு 2017இல் வெளியானது. செப்சிஸ் நோயாளிகளின் பிசிடி முதல் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் 80 சதவீதத்துக்கு மேல் இறங்கியதா என்று பார்த்தார்கள். இறங்கியவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 10 சதவீதம், இறங்காதவர்களில் 20 சதவீதம். விளம்பரத் தாளில் இதை ‘இறப்பு அபாயம் இரண்டு மடங்கு’ என்று எழுதுகிறார்கள். பொய்யில்லை. ஆனால் அதே கணக்கை மறுபக்கமிருந்து படியுங்கள்: எண் இறங்காதவர்களிலும் ஐந்தில் நான்கு பேர் பிழைத்திருக்கிறார்கள். ஐசியு வாசலில் நிற்கிற குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது வாசிப்பு. ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு உள்ளே படுத்திருக்கும் ஒருவருக்குத் தீர்ப்பாகாது.

எனக்கு அந்த நான்காம் நாள் எண் வேறு விதத்தில் உதவுகிறது. குடலில் ஓட்டை விழுந்து அறுவை செய்த ஒரு இளைஞனுக்குப் பிசிடி 30இல் தொடங்கி, 22, 19, 21 என்று நின்றுவிட்டது. பிபி பரவாயில்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை, பார்வைக்கு ஆள் சுமாராகத்தான் இருந்தான். ஆனால் இந்நேரம் 4க்குள் வந்திருக்க வேண்டிய எண் அசையவில்லை. ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில் சீழ் தேங்கியிருந்தது, ஊசி வழியாக வடித்தார்கள். அவன் அம்மாவிடம் “நம்பர் சொன்னபடி கேக்கலம்மா, அதான் உள்ள என்னன்னு பாத்தோம்” என்றேன். பிசிடியின் மதிப்பு எனக்கு அங்கே இருக்கிறது: இன்னொரு தடவை தேடு என்று நச்சரிக்கிற ஒரு எண்.

காசு விஷயத்திலும் பிசிடி திரும்பக் கொடுக்கிற இடம் ஒன்று உண்டு, ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது. மெரோபெனமும் கோலிஸ்டினும் ஓடுகிற ஒருவருக்கு ஒரு நாள் மருந்துச் செலவே பிசிடி விலையைத் தாண்டிவிடும். சிறுநீரகத்துக்கு வரும் கெடுதலும், அடுத்த படுக்கைக்குப் பரவும் எதற்கும் அடங்காத கிருமியும் தனி. நெதர்லாந்தில் 15 மருத்துவமனைகளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த சாப்ஸ் ஆய்வு 2016இல் வந்தது. பிசிடி உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ 0.5ஐத் தொட்டாலோ நிறுத்தலாம் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார்கள். ஆன்டிபயாடிக் நாட்கள் 7லிருந்து 5க்கு வந்தன, இறப்பு கூடவில்லை, 25 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 20க்குக் குறைந்தது. 2024 டிசம்பரில் பிரிட்டனின் அடாப்ட் செப்சிஸ் ஆய்வு 2,760 நோயாளிகளோடு வந்தபோது லாபம் அவ்வளவு பெரிதாக இல்லை. தினமும் பிசிடி பார்த்ததில் ஆன்டிபயாடிக் ஏறக்குறைய ஒரு நாள் குறைந்தது, பாதுகாப்பில் குறை தெரியவில்லை. அதே ஆய்வில் சிஆர்பியைத் தினம் பார்த்ததால் ஆன்டிபயாடிக் நாள் குறையவில்லை. ஆக, நிறுத்துவதற்குத் துணை வேண்டுமென்றால் பிசிடிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு நியாயம் இருக்கிறது.

தொடங்குவதற்கு மட்டும் அதை நம்பக் கூடாது. 2021இன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது: ஆன்டிபயாடிக் தொடங்கலாமா என்று முடிவெடுக்கப் பிசிடி வேண்டாம், எப்போது நிறுத்துவது என்று குழப்பமாக இருந்தால் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கலாம். டென்மார்க்கில் 1,200 பேரை வைத்து நடந்த பாஸ் ஆய்வில் எண் ஏறியவுடன் இன்னும் பல வகைக் கிருமிகளைத் தாக்கும் ஆன்டிபயாடிக்குகளைக் கொடுத்தார்கள், ஸ்கேன்களைக் கூட்டினார்கள். ஒரு உயிரும் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை. ஐசியு நாட்களும் உறுப்புச் சேதமும்தான் கூடின. எண்ணுக்கு வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதை விட நல்ல பாடம் நான் படித்ததில்லை. டயாலிசிஸில் இருப்பவருக்கு, பெரிய விபத்தில் அடிபட்டவருக்கு, தீக்காயம் பட்டவருக்கு, பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைக்கு எல்லாம் தொற்று இல்லாமலேயே பிசிடி ஏறி நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். பிசிடியை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று மெஷினில், சரியான எண் வரும். இன்னொன்று கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற ஒரு அட்டையில் சீரம் ஊற்றி, அரை மணி கழித்துக் கோட்டின் நிறத்தைப் பார்த்து 0.5க்குக் கீழ், 0.5 முதல் 2, 2 முதல் 10, 10க்கு மேல் என்று நான்கு வகையில் ஒன்றாகச் சொல்வது. சின்ன ஊர்களில் அட்டைதான் கிடைக்கும், விலையும் குறைவு. ராத்திரி டியூட்டியில் ஒரே அட்டையை டியூப்லைட் கீழே நானும் சிஸ்டரும் பார்த்தோம். எனக்கு 2 முதல் 10 போலத் தெரிந்தது, சிஸ்டர் “இல்ல மேடம், கோடு நல்லா அடர்த்தியா இருக்கு, பத்துக்கு மேலதான்” என்றார். நேரம் கடந்து பார்த்தால் கோடு இன்னும் அடர்த்தியாகிவிடும். அதை விடப் பெரிய குறை, 90லிருந்து 15க்கு இறங்கினாலும் அட்டையில் இரண்டு நாளும் ‘10க்கு மேல்’ என்றே வரும். மேலே சொன்ன அந்த 80 சதவீத இறக்கம் அட்டையின் கண்ணில் படாது. ஆகவே அட்டையைத் தொடர்ந்து எடுப்பது வீண். மெஷினில் எடுக்க முடியாத ஊரென்றால் சிஆர்பியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் ஒரே லேப், ஒரே மெஷின்.

பேனலில் மீதி மூன்றும் எனக்கு அதிகம் சொல்ல இடம் தரவில்லை. இன்டர்லூக்கின் 6 சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும், வெளி லேப்புக்குப் போய் மறுநாள் ரிப்போர்ட் வருவதற்குள் அது சொன்ன நிலைமையே மாறியிருக்கும். இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் பல ஆயிரங்களைத் தாண்டும்போது, கூடவே அணுக்கள் எல்லாம் விழுந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறி ரத்த அணுக்களை விழுங்கும் அரிய நிலையை யோசிக்கச் சொல்லும். அப்போது எடுக்கலாம். ரத்தக் கட்டி கரையும்போது உண்டாகும் டி-டைமர், ஐசியுவில் படுத்திருக்கும் பெரும்பாலோருக்கு எப்படியும் கூடியிருக்கும்.

விலையே இல்லாத ஒரு அளவுகோல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, அதை யாரும் பேனலில் விற்பதில்லை. சாதாரண ரத்த அணு எண்ணிக்கைச் சீட்டில் நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்போசைட் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள் (இரண்டும் வெள்ளை அணு வகைகள்). நலமானவருக்கு ஒன்று முதல் மூன்று வரை இருக்கும். 88ஐ 4ஆல் வகுத்து 22 என்று வந்தால் உடம்பு பெரிய அழுத்தத்தில் இருக்கிறது. 2001இல் பிராட்டிஸ்லாவாவில் சஹோரெட்ஸ் என்ற மருத்துவர் ஐசியு நோயாளிகளிடம் இதைத் தினம் பார்த்து எழுதினார். நானும் தினம் பார்க்கிறேன். லிம்போசைட் 4, 6, 9 என்று மெல்ல ஏறத் தொடங்கினால் எனக்கு நிம்மதி வரும். ஸ்டீராய்டு ஓடினால் இந்தக் கணக்கு செல்லாது, அது நியூட்ரோஃபிலைக் கூட்டி லிம்போசைட்டைக் குறைத்துவிடும். பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்கும் தொற்று இல்லாமலே வெள்ளை அணு ஏறி நிற்பதுண்டு, எங்கள் பக்கம் அது அடிக்கடி வருகிற கேஸ்.

எங்கள் பக்கம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் ஸ்கரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது காய்ச்சல், மூச்சுத்திணறல், குறைந்த தட்டணுக்கள் என்று வருவார்கள். பிசிடியும் ஏறியிருக்கலாம், சிஆர்பி நன்றாகவே ஏறியிருக்கும். எண்ணைப் பார்த்ததும் கை மெரோபெனத்துக்குப் போகும். மெரோபெனம் அந்தக் கிருமியைத் தொடாது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். கடுமையான நோய்க்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் கொடுப்பது ஒன்றைத் தனியாகக் கொடுப்பதை விட நல்லது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. அதைக் கண்டுபிடிக்கப் பேனல் உதவாது. உடையை விலக்கி அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், வலியே இருக்காது. எங்கள் சிஸ்டர் ஒருவர் குளிப்பாட்டித் துடைக்கும்போது காதுக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தார்.

கணிப்பு என்று வரும்போது நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று கேட்பீர்கள். உலகம் முழுக்க ஐசியுக்களில் 1996இலிருந்து புழங்கும் சோஃபா மதிப்பெண்ணில் ஆறு உறுப்பு மண்டலங்களைப் பார்க்கிறார்கள்: ஆக்சிஜன், தட்டணு, பிலிரூபின், பிபி, நினைவு நிலை, கிரியாட்டினின். சிஆர்பியும் இல்லை, பிசிடியும் இல்லை. அதற்கு முந்தைய 1985இன் அப்பாச்சி 2 என்ற மதிப்பெண்ணில் உள்ள 12 உடலியல் அளவுகளில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை வெள்ளை அணு எண்ணிக்கை ஒன்றுதான். உறுப்புகள் தாங்குகின்றனவா என்பதுதான் ஆயுளோடு நெருங்கிய கேள்வி. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் அந்த வகை. கிளினிக்கல் லேப் இல்லாமலே ரத்த வாயு மெஷினில் சில நிமிடத்தில் வந்துவிடும், பேனலில் அதைச் சேர்க்காதது பெரிய ஓட்டை. அதற்கும் மேலே, லத்தீன் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் செப்சிஸில் பிபி விழுந்த, அதாவது செப்டிக் ஷாக் வந்த 424 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2019இல் வந்தது. ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் வெளுக்கும்வரை அழுத்தி, பத்து வினாடி பிடித்து, விட்டபின் நிறம் திரும்ப எத்தனை வினாடி ஆகிறது என்று அரை மணிக்கு ஒரு முறை பார்த்தார்கள். மூன்று வினாடிக்கு மேல் போனால் சிகிச்சையைக் கூட்டினார்கள். அந்தப் பக்கத்தில் இறப்பு 34.9 சதவீதம், லாக்டேட்டைப் பார்த்து வைத்தியம் செய்த பக்கத்தில் 43.4. தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை என்றாலும், காசில்லாத விரல் நுனி லாக்டேட்டுக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு சிஸ்டருக்கும் எங்கள் ஐசியுவில் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

யாருக்கு எதைப் பரிந்துரைப்பேன் என்றால்: ஐசியுவில் சேரும் செப்சிஸ் நோயாளிக்கு முதல் நாள் ஒரு பிசிடி, ஒரு சிஆர்பி. பிசிடி 0.5க்குக் கீழே இருந்து ஆளும் நன்றாக இருந்தால் மறுபடி வேண்டாம். ஏறியிருந்தால் மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் ஒன்று, ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா என்று யோசிக்கும்போது இன்னொன்று. கல்ச்சர் வந்து, கிருமி தெரிந்து, எத்தனை நாள் மருந்து என்பது முடிவாகிவிட்டால் அதற்குப் பிறகு பிசிடி எதற்கு? குடும்பத்தினர் டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்: “இந்த டெஸ்ட் வந்தா ட்ரீட்மென்ட்ல என்ன மாத்துவீங்க?” கோபித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. ஒன்றும் மாறாது என்றால் எடுக்க வேண்டியதில்லை.

லேப்புக்கு நாங்கள் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்தோம். அந்தச் சிவப்பு எழுத்தையும் கீழே வரும் மிரட்டல் வாசகத்தையும் எடுக்கச் சொன்னோம், முந்தைய எண்களைப் பக்கத்திலேயே தேதியோடு அச்சடிக்கச் சொன்னோம், பேனலைப் பிரித்து விலை போடச் சொன்னோம். முந்தைய எண்கள் இப்போது வரிசையாக வருகின்றன, நல்ல மாற்றம். வாசகம் இன்னும் இருக்கிறது. விலையைப் பிரித்து விளம்பரப்படுத்தவும் மனமில்லை, ஆனால் சீட்டில் தனியாக எழுதிக் கொடுத்தால் செய்து தருகிறார்கள். ஆகவே உங்களுக்கு வேண்டியவர் எந்த ஐசியுவில் இருந்தாலும், லேப் சீட்டில் ‘பேனல்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் டியூட்டி டாக்டரிடம் சொல்லி அதை அடித்துவிட்டு, பிசிடி, சிஆர்பி என்று கையால் எழுதி வாங்குங்கள்.